ஒரு காது கதைக்கு

முதலில் இயர்போனின் ஒரு குமிழை மேலங்கியின் ஓரத்தில் துடைப்பாள். இரண்டு துடைப்பு, திருப்பி இன்னொரு துடைப்பு. பிறகு நம்மைக் கேட்காமலே காதில் செருகிவிட்டு, "இது உனக்கு" என்பாள். அதோடு விடமாட்டாள். மூன்று நிமிடம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். புருவம் எங்கே ஏறுகிறது, வாய் எங்கே கொஞ்சம் திறக்கிறது என்று பார்ப்பாள். ஒன்றும் அசையவில்லை என்றால் குமிழைப் பிடுங்கிக்கொண்டு, "தப்பு என் மேல. நாளைக்கு வேற கொண்டாறேன்" என்று போய்விடுவாள். "இல்ல லுத்சி, நல்லாத்தான் இருக்கு" என்று நாம் மரியாதைக்குச் சொல்வதெல்லாம் அவளிடம் எடுபடாது.

லுத்சினாவும் நானும் பதினோரு வருடமாக ஒரே மேசை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகளுக்குக் கண், மூக்கு, தாடி வரைவது எங்கள் வேலை. போலந்தின் தெற்கில், மலையடிவாரத்தில், எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு. வெளியே ஜூலை மாத வெயில் அடித்தாலும் எங்கள் பட்டறைக்குள் கிறிஸ்துமஸ்தான். கைக்கு ஓயாத வேலை. காதுக்கு ஒரு வேலையும் கிடையாது. எட்டு மணி நேரம் சும்மா கிடக்கும் காதை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் மேசையில் ஒரே பதில் லுத்சினா.

நாற்பத்து நாலு வயது. குள்ளம். புருவத்தில் ஒட்டிய மினுக்குத் தூள் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில்கூடப் போகாது. இயர்போனில் ஒரு குமிழைத்தான் மாட்டுவாள், இடது காதில். மற்றது மார்பில் தொங்கிக்கொண்டிருக்கும். "ஒரு காது கதைக்கு, ஒரு காது உங்களுக்கு" என்பாள். சொன்னபடியே இரண்டையும் நடத்துவாள். நாடகத்தில் துப்பறிகிறவர் கொலையாளியின் கழுத்தைப் பிடிக்கும் நேரத்தில், "ஸ்தாஸியா, உன் மாமியா அப்படிச் சொன்னது வியாழக்கிழமையா வெள்ளிக்கிழமையா?" என்று எதிரில் இருப்பவளைக் குறுக்கே கேட்பாள். கொலையாளியையும் விடமாட்டாள், மாமியாரையும் விடமாட்டாள்.

அவள் புருஷன் ஸெனோன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது ஒரு காதை. அதுலயும் பாதிதான் எனக்கு" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். உருளைக்கிழங்கு உரிக்கும்போது, இஸ்திரி போடும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஊர் நூலகத்தின் ஒலிப்புத்தகங்கள், வானொலியின் பழைய நாடகங்கள், யாரோ எங்கோ பதிந்துவைத்த பாட்டுகள் எல்லாம் அவளுக்கு அத்துபடி. தான் கேட்டு முடிக்காத ஒன்றை இன்னொருத்தி காதில் வைத்ததே இல்லை.

சிபாரிசை வாயால் சொல்வதோடு நிறுத்தமாட்டாள். உருண்டைகளை அடுக்கும் பெட்டிக்குள் தடுப்பு அட்டைகள் இருக்கும் அல்லவா, அவற்றில் கிழிந்ததை எடுத்துக் குறிப்பு எழுதிக் கொடுப்பாள். "முதல் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள், பிறகு ஓடும்." "ஏழாம் பாகத்தை விட்டுவிடு, நாய் செத்துப்போகிறது." "படிக்கிறவர் மூக்கடைப்போடு படிக்கிறார், பாதியில் பழகிவிடும்." "கண் வரையும்போது கூடவே கூடாது." இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கும்.

அந்தக் கோட்டுக்குக் காரணம் உண்டு. என் பெண் அயர்லாந்துக்கு வேலைக்குப் போவதற்கு முந்தைய வருடம், லுத்சினா விதவை ஒருத்தியின் கதையை மேசையில் இருந்த ஆறு பேருக்கும் ஒரே வாரத்தில் கொடுத்துவிட்டாள். பதினாலு மணி நேரக் கதை. அழுதுகொண்டே வேலை செய்தோம். வெள்ளிக்கிழமை எங்கள் சூப்பர்வைசர் வித்தோல்து ஒரு உருண்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தத் தாத்தா வீட்ல யாரு செத்துட்டா?"

அப்போதுதான் கவனித்தோம். முந்நூற்றுச் சொச்சம் கிறிஸ்துமஸ் தாத்தா. அத்தனை பேருக்கும் புருவம் கீழே சரிந்திருந்தது. கண் ஓரத்தில் கண்ணீர் நிற்பதுபோல் ஒரு வளைவு. ஒருத்தி கைத் தவறு என்றால் திட்டு வாங்கிப் போகலாம், ஆறு கைகளும் ஒரே மாதிரி தவறியிருந்தன. நல்லவேளை, நார்வேயிலிருந்து ஒருவர் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார். அடுத்த வருடமும் அதேபோல் வேண்டும் என்று கேட்டார். என்ன ரசனையோ!

அதற்குப் பிறகு லுத்சினா ஆளைப் பார்த்து, அதிலும் அவள் கையைப் பார்த்துத்தான் கொடுப்பாள். மெல்லிய கோடு இழுக்கிறவளுக்கு நிதானமான பியானோ. பெட்டி கட்டுகிறவளுக்கு ஊதுகுழல் பாண்டு வாத்தியம். மினுக்குத் தூள் தூவுகிறவள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், பேய் நாடகம் உட்பட. மூக்கு வரைகிறவளுக்குச் சிரிப்பு நாடகம் ஆகவே ஆகாது. "நல்ல கதைன்னு ஒண்ணு கிடையாதுடி யோலா. இவளுக்கு நல்ல கதைன்னுதான் உண்டு" என்பாள் என்னிடம். எனக்குக் கல்யாண வீட்டு அக்கார்டியனைத் தவிர எதுவும் ஏறாது என்பது மேசையில் பழைய கேலி. என் பெண் விமானம் ஏறிய வாரம், எதுவும் வேண்டாம் என்று உம்மென்று இருந்த என் காதில், யாரைப் பார்த்தாலும் எரிந்து விழும் ஒரு கப்பல் சமையல்காரனின் கதையைச் செருகினாள். புதன்கிழமை நான் சிரித்துவிட்டேன். அதை நான் மறக்கமாட்டேன்.

இப்படிப்பட்டவள் ஒரு முறை தப்பு செய்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பக்கத்து நாட்டில் போர் தொடங்கிய வருடம் எல்லை தாண்டி வந்தவள் ஒரிஸ்யா. ஐம்பத்தோரு வயது. உக்ரேனில் ஒரு மலை ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு வருடம் மருத்துவச்சி. இங்கே அந்த வேலை பார்க்க எங்கள் மொழியில் தேர்வு எழுத வேண்டும், பேசியும் காட்ட வேண்டும். அதுவரைக்கும் எங்கள் மேசை. இரண்டாயிரம் குழந்தைகளை ஏந்திய கை, அதனால் நடுக்கமே கிடையாது. ஒரே மாதத்தில் எங்களைவிட நன்றாக இமை வரைந்தாள். அவள் மொழியும் எங்கள் மொழியும் ஒன்றுவிட்ட சகோதரிகள் மாதிரி, பாதி புரியும், பாதி ஏமாற்றும்.

லுத்சினா அவள் கையைக் கவனித்தாள். நிதானமான கை, நீளமான கோடு. வானொலியில் வந்த சரித்திர நாடகம் ஒன்றைக் கொடுத்தாள். அறுபத்து நாலு பாகம். கோட்டை, குதிரை, சபதம். நடிகர்கள் ஒவ்வொரு சொல்லையும் கல்லில் வெட்டுவதுபோல் உச்சரிப்பார்கள். "தெளிவா இருக்கும். மெதுவா பேசுவாங்க. இது உங்களுக்கு" என்றாள். ஒரிஸ்யா அதை மூன்று முறை கேட்டாள். முழுதாக.

நவம்பரில் ஒரு நாள் வித்தோல்துவின் முன்னால் போய் நின்று ஒரிஸ்யா சொன்னாள்: "பிரபுவே! அடியேனுக்கு ஒரு விண்ணப்பம். பல் வைத்தியரைக் காண வேண்டியுள்ளது. அரை நாள் விடை தந்தருள்க!"

பட்டறையே நின்றுவிட்டது. சட்டையில் எப்போதும் கடுகுச் சாந்துக் கறையோடு திரியும் மனிதர் வித்தோல்து. ஒரு நிமிடம் முழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "ம்... போய் வாங்க" என்றார். மறுநாளிலிருந்து இஸ்திரி போட்ட சட்டை. கேன்டீனில் ஒரிஸ்யா, "தோழியரே, உப்பை இவ்விடம் நகர்த்துவீராக" என்பாள். ஸ்தாஸியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். நாங்கள் யாரும் திருத்தவில்லை. ரசித்தோம். லுத்சினாவுக்குப் பெருமை வேறு, "பாத்தியா, எப்படிப் பிடிச்சுக்கிட்டாங்க!" என்று. நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது.

ஜனவரி நடுவில் தேர்வு. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மறுநாள் காலை மேலங்கியைக் கழற்றாமலே மேசைக்குப் பக்கத்தில் நின்று மிச்சத்தைச் சொன்னாள். மூன்று பேர் கொண்ட குழுவாம். அதில் ஒரு அம்மாள் பிரசவ வலியில் துடிப்பவளாக நடித்து, "என்னால முடியல!" என்றாளாம். இவள் கையை நீட்டி, "அஞ்சற்க, மாதரசி! வேதனை அணுகும் வேளை வந்துற்றது. மூச்சை உள்வாங்கியருள்க!" என்றாளாம். ஒருவர் சிரித்துவிட்டார். ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மூன்றாமவர், "உங்களுக்கு வேலை தெரியுதும்மா. ஆனா வலியில கெடக்கறவ இதைக் கேட்டா மிரண்டுடுவா" என்று சொல்லி, ஆறு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார். அதுதான் கடைசி வாய்ப்பு. எங்கள் ஊர் ஆஸ்பத்திரி அவளுக்காக மார்ச் முடிய ஒரு இடத்தை வைத்திருந்தது. அதற்குமேல் வைக்கமாட்டார்கள்.

எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்து ஒரிஸ்யா கேட்டாள்: "யான் என்ன பிழை செய்தேன், தோழியரே?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. லுத்சினா காதிலிருந்த குமிழைக் கழற்றினாள். வயரைச் சுருட்டினாள். மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது நாள் அது அந்தப் பையிலேயே கிடந்தது. யார் காதிலும் எதையும் வைக்கவில்லை. "லுத்சி, ஏதாவது குடேன், தூக்கமா வருது" என்று ஸ்தாஸியா கெஞ்சினாள். லுத்சினா அடுத்த உருண்டையை எடுத்துக்கொண்டாள். ஆளுக்கொரு பாட்டை நாங்களே போட்டுக்கொண்டோம், ஒன்றும் ஒட்டவில்லை. வண்ணப் புட்டியைக் கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"நான் அவங்க கையைப் பாத்தேன் யோலா. வாயைப் பாக்கல. பிரசவ அறையில கை மட்டுமா வேலை செய்யும்?"

"விடுடி. நாங்க மட்டும் என்ன, பல்லைக் காட்டிக்கிட்டுத்தானே இருந்தோம்."

"நீங்க சிரிச்சீங்க. நான்ல குடுத்தேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பத்தாம் நாள் காலை வந்ததும் வராததுமாக ஸ்தாஸியாவைப் பிடித்தாள்.

"உனக்கு நாலு பிரசவம்ல?"

"ஏன், அஞ்சாவதுக்கு நாள் பாத்திருக்கியா?"

"எப்படிக் கத்துன?"

"எப்படிக் கத்துவாங்க? வாயாலதான்."

"கத்திக் காட்டு."

அந்த ஒன்பது ராத்திரியும் வீட்டில் லுத்சினா தேடியிருக்கிறாள். ஆஸ்பத்திரி வரும் நாடகம் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாள். "எல்லாத்துலயும் டாக்டரும் டாக்டரும்தான் பேசிக்கிறாங்கடி. பெக்கறவ ஒருத்திகூட வாயைத் தெறக்கல. கதவுக்குப் பின்னாடி ஒரு அழுகை, அவ்வளவுதான். நமக்கு வேணுங்கிறது எங்கயும் இல்ல. நாமளே பண்ணிடுவோம்" என்றாள்.

மதிய இடைவேளையில் அட்டைப்பெட்டி அறைக்குள் போனோம். கூரை வரை பெட்டி அடுக்கிய அறை, வெளிச் சத்தம் வராது. தன் கைப்பேசியைத் தடுப்பு அட்டைகளுக்கு நடுவில் உருண்டை மாதிரி பத்திரமாக நிறுத்தினாள் லுத்சினா. எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லை. "உங்களுக்கு நடந்ததைப் பேசுங்க. நடிச்சீங்கன்னா அழிச்சிடுவேன்" என்றாள். வாசலில் காரை நிறுத்த இடம் தேடும் புருஷன், பையில் எல்லாம் இருக்கிறதா என்று பத்து முறை கேட்கும் மாமியார், வலி வந்ததும் கட்டினவனைத் திட்டும் மனைவி, எல்லாம் தானாக வந்தது. நான் மாமியார். யாரை மனதில் வைத்துப் பேசினேன் என்று என் மாமியாருக்குத் தெரிய வேண்டாம்.

மருத்துவச்சியாகப் பேசியது லுத்சினா. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் எங்கள் ஒவ்வொருத்தியிடமும், "அப்ப உன் காதுல யாரு என்ன சொன்னா உனக்கு நல்லா இருந்திருக்கும்?" என்று கேட்டுக் கேட்டு, அதையே திருப்பிச் சொன்னாள். ஸ்தாஸியா சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "‘கத்தாத’ன்னாங்க நாலு தடவையும். ஒருத்தியாவது ‘கத்துடி தங்கம்’னு சொல்லியிருந்தா அவளுக்குக் கோயில் கட்டியிருப்பேன்."

அன்றைக்கு அவள் போட்ட கத்தலில் வித்தோல்து முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் போகாமல் நின்றார்.

"புருஷன் வேஷத்துக்கு ஆள் வேணுமா?"

"மயக்கம் போட்டு விழத் தெரியுமா?" என்றாள் லுத்சினா.

"அது... தெரியும்" என்றார். தன் பெண் பிறந்தபோது அப்படி விழுந்ததாகப் பிறகு ஒப்புக்கொண்டார். ஐந்தாம் பாகத்தில் கேட்கும் அந்தத் தொப்பென்ற சத்தம் நிஜமாகவே அவர்தான்.

ஆறு பாகம். ஒரு பெட்டி அட்டையில் குறிப்பும் எழுதினாள்: "கண் வரையும்போது கேட்கலாம். நாலாம் பாகத்தில் வரும் கூச்சலுக்குப் பயப்பட வேண்டாம், அது ஸ்தாஸியா." இந்த முறை ஒரிஸ்யாவின் காதில் குமிழை வைக்கும் முன் லுத்சினா அதை நாலு தடவை துடைத்தாள். மூன்று நிமிடம் இல்லை, முதல் பாகம் முழுக்க அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரிஸ்யாவின் புருவம் ஏறியது. வாய் திறந்தது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

பிப்ரவரி கடைசியில் பட்டறையில் ஒரு குரல்: "யோவ் வித்தோல்து! மரம் மாதிரி நிக்காம வெந்நி கொண்டாய்யா!"

அது ஸ்தாஸியா இல்லை. ஒரிஸ்யா. தேநீருக்குத்தான் கேட்டாள். மனிதர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார்.

இரண்டாம் முறையும் அதே குழு. அதே அம்மாள் அதேபோல், "என்னால முடியல!" என்றாளாம். ஒரிஸ்யா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "முடியும்டி தங்கம். கத்து, நல்லாக் கத்து, யாரு கேட்டா என்ன? இந்தா, என் கையைப் பிடிச்சுக்க. உன் புருஷன் இங்க இருக்கட்டுமா, காரை நிறுத்த அனுப்பிடுவோமா?" அந்த அம்மாள் நடிப்பை மறந்து நிஜமாகவே கையைப் பிடித்துக்கொண்டாளாம். தேறிவிட்டதாக முடிவைச் சொன்ன பிறகும் சிறிது நேரம் விடவில்லையாம்.

எங்களிடம் விடைபெற்ற அன்று வித்தோல்துவின் முன் முழங்காலை மடக்கி, "பிரபுவே, விடை தருக" என்றாள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். லுத்சினா பழையபடி எல்லோர் காதையும் நிரப்ப ஆரம்பித்தாள். ஒரிஸ்யாவின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பத்து மணி இருக்கும். ஆஸ்பத்திரி வெள்ளைச் செருப்போடு ஒரிஸ்யா வந்தாள். கையில் கசகசா வைத்துச் சுருட்டிய கேக். அதை எங்களிடம் கொடுத்துவிட்டு நேரே லுத்சினாவிடம் போனாள். சட்டைப் பையிலிருந்து இயர்போனை எடுத்து ஒரு குமிழைச் சட்டை ஓரத்தில் துடைத்தாள். இரண்டு துடைப்பு, திருப்பி இன்னொரு துடைப்பு. லுத்சினாவின் இடது காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு இதைச் செருகினாள்.

"இது உனக்கு" என்றாள்.

இத்தனை நாளும் அவர்கள் இருவரும் 'நீங்க'தான். எங்கள் பக்கம் 'நீ'க்கு மாறுவது சாதாரண விஷயம் இல்லை, கேட்டுக்கொண்டு, ஒரு கோப்பை மது குடித்துவிட்டு மாறுவோம். இவள் கேட்கவே இல்லை.

"என்னது?"

"எங்க ஊரு வானொலி நாடகம். நான் சின்ன வயசுல கேட்டது."

"பாதிதானே புரியும் எனக்கு?"

"மீதிக்கு நான் இருக்கேன்ல? ரெண்டு மணிக்குத்தான் ட்யூட்டி."

சொல்லிவிட்டு ஒரிஸ்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடம். எங்கள் அத்தனை பேர் காதுக்கும் தேடித் தேடிக் கொண்டுவந்தவள். அவளிடம் ஒருத்தியாவது, "லுத்சி, இதைக் கேட்டுப் பாரேன்" என்று சொன்னதுண்டா? பிறந்தநாளுக்குச் சால்வை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

லுத்சினாவின் கையில் ஒரு தாத்தா இருந்தார். ஒரு கண் வரைந்தாகிவிட்டது. ஒரு கண்ணோடு நிறுத்தினால் மறு கண் வேறு ஆளுடையதாகிவிடும் என்பதால் இரண்டையும் ஒரே மூச்சில் முடிப்பாள். பட்டறையில் தீப்பிடித்தாலும் நிறுத்தமாட்டாள் என்போம். அவள் புருவம் ஏறியது. மினுக்குத் துகள் ஒன்று கன்னத்தில் உதிர்ந்தது. தாத்தாவை ஒற்றைக் கண்ணோடு அப்படியே தாங்கியில் நிறுத்தினாள். பிரஷைக் கீழே வைத்தாள்.

பிறகு, ஒரிஸ்யாவின் விரல்களுக்கிடையில் தொங்கிக்கொண்டிருந்த மற்றக் குமிழுக்காகக் கையை நீட்டினாள்.

"அந்த இன்னொண்ணையும் குடு."